சொட்டு மருந்து எட்டாத மலை

குளுக்கோமா வந்த கண் நெடுங்காலம் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே நிற்பவர் முகம் தெரியும், கைக்கெட்டும் தூரத்தில் கொழுந்து தெரியும், சம்பளச் சீட்டின் இலக்கமும் தெரியும். தேய்வது பார்வையின் ஓரம். வலி இல்லாமல், மெல்ல மெல்ல, ஒரு கண்ணில் விழுந்த குறையை மறு கண் மூடி மறைக்கும்படி தேயும். சமதரையில் வாழ்பவர் இந்தக் குறையோடு பல வருடம் நடமாடிவிடலாம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ, செங்குத்து மலையில் கூடை சுமந்து இறங்கும் பெண்ணுக்கு அது முடியாது. நேரே பார்த்து நடக்கும்போது காலடியைக் காட்டுவது கீழ்ப்பக்கப் பார்வைதான். அது குறைந்தால் கானும் படியும் வேரும் கண்ணில் படாமல் போகும். விழுந்து எழும்புவார். "வயசாயிருச்சு, மழைக்கு வழுக்குது" என்று அவரே காரணம் சொல்லிக்கொள்வார். இந்த நோய் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை உணரும் திறனையும் குறைப்பதால், மூடுபனி இறங்கிய காலைகளில் தடுமாற்றம் இன்னும் கூடும். அதையும் பனியின் தலையில்தான் போடுவார்கள். மலையகத்தில் இந்த நோய் பிந்திப் பிடிபடுவதற்கு முதல் காரணம் இங்கேயே இருக்கிறது: குறையின் ஒவ்வோர் அறிகுறிக்கும் மலையே ஒரு விளக்கம் வைத்திருக்கிறது.

கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. கருவிழியும் கதிராளியும் சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக அது வடிகிறது. கான் அடைபட்ட மலையில் தண்ணீர் தேங்குவதுபோல, வடிகால் தடைப்பட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வழக்கமான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பின் இழைகளைக் கொல்கிறது. செத்த இழை திரும்ப முளைக்காது. 21க்குக் கீழே இருந்தும் நரம்பு தேய்பவர்கள் உண்டு, 25 இருந்தும் ஆண்டுக்கணக்கில் சேதமில்லாதவர்கள் உண்டு. ஆகவே வெறும் இலக்கத்தை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது. ஆனாலும் இன்றுவரை மருத்துவத்தால் மாற்றக்கூடியதாக நிறுவப்பட்ட ஒரே காரணி அழுத்தம்தான். சிகிச்சை எல்லாமே அதைக் குறைப்பதற்கானவை.

உலகில் 2020இல் ஏறத்தாழ 8 கோடிப் பேருக்கு குளுக்கோமா இருக்கும் என மதிப்பிட்டிருந்தார்கள். மலையக மக்களுக்கு அதைவிட நெருக்கமான கணக்கு தென் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. 2003இல் வெளியான அரவிந்த் கண் ஆய்வு, அங்குள்ள ஊர்களில் 40 வயதைக் கடந்தவர்களில் 2.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒருவகை குளுக்கோமா இருப்பதைக் கண்டது. அவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் அந்தப் பரிசோதனைவரை தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்கள். சென்னை குளுக்கோமா ஆய்வின் கிராமப் பகுதியில் நிலை இன்னும் மோசம். திறந்த கோண வகை கண்டறியப்பட்டவர்களில் 98.5 சதவீதத்தினர் அறியாதிருந்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தாம் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிறார்கள். இரத்தமும் சாயலும் அங்கிருந்து வந்திருக்கும்போது நோய்த் தன்மை மட்டும் இந்துமா கடலில் தங்கிவிடாது.

இதுவரை சொன்னது சத்தமில்லாமல் வரும் திறந்த கோண வகை. மற்றது கோணம் மூடும் வகை. ஆசியர்களிடம், அதிலும் ஐம்பதைக் கடந்த பெண்களிடம் இது கூடுதல். சிறிய கண், தடித்துக்கொண்டே போகும் வில்லை, ஒடுங்கிய கோணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு நாள் வடிகால் முற்றாக மூடிக்கொள்ளலாம். மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது அந்தத் தாக்குதல் தொடங்குவது வழக்கம். ஒற்றைச் சன்னலும் அடுப்புப் புகையும் உள்ள, தொழிலாளர் வரிசைவீடுகளான லய அறைகளை நினைத்துப் பார்க்கிறேன். தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் வாங்கிப் போடும் சில மாத்திரைகளும் கண்மணியை விரிக்கும். ஏற்கெனவே கோணம் ஒடுங்கியவருக்கு அதுவே போதும். தலையின் ஒரு பக்கம் பிளக்கும், கண் சிவக்கும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும், அடுத்து வாந்தி. இந்த வாந்திதான் ஆளைத் திசைதிருப்புகிறது. பித்தம் என்று இஞ்சித் தண்ணீர் கொடுப்பார்கள். ஒற்றைத் தலைவலி என்று இரண்டு பெனடோல் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். விடிந்து, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு முடிந்து, வண்டி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் நரம்பு பெரும் சேதம் கண்டிருக்கும். மணித்தியாலக் கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம் இது. அழுத்தத்தை மாத்திரையாலும் ஊசியாலும் இறக்கிவிட்டு, கதிராளியில் லேசரால் ஊசிமுனைத் துளை ஒன்று போட்டால் அடைப்பு விலகும். மறு கண்ணுக்கும் அதே ஆபத்து இருப்பதால், வலிக்காத கண்ணிலும் நிபுணர் துளை போடுவார். "நல்லா இருக்கிற கண்ணுல எதுக்கு ஐயா கை வைக்கிறீங்க?" என்று கேட்கும் குடும்பத்துக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

கண்புரையைத் தனி நோயாக ஒதுக்கிவைத்துப் பேசுவது மலையகத்துக்குப் பொருந்தாது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியப் பார்வையிழப்பு ஆய்வில், இலங்கையில் 40 வயதைக் கடந்தோரில் 1.7 சதவீதத்தினர் பார்வையற்றவர்கள் எனத் தெரிந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் கண்புரை. கண்டி மாவட்டக் கிராமங்களில் நடந்து 2009இல் வெளியான கண்டி கண் ஆய்வும் கண்புரையையே முன்னிறுத்தியது. புரை முத்தட்டும், பிறகு வெட்டலாம் என்று காத்திருக்கும் பழைய பழக்கம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. முற்றிய வில்லை ஊதிப் பருத்துக் கோணத்தை அடைக்கலாம், அல்லது கசிந்து வடிகாலை அடைக்கலாம். இரண்டும் குளுக்கோமாவில் முடியும். திருப்பித் தரக்கூடிய பார்வையிழப்பு இப்படித்தான் திருப்பித் தர முடியாததாக மாறுகிறது. கண் முகாமில் புரை அறுத்துக் கண்ணாடி கொடுத்து அனுப்பும்போது பார்வை நரம்பைப் பார்க்காமல் விட்டால், "ஒப்பரேசன் பண்ணியும் தெரியல்ல" என்ற பேச்சு லயம் முழுக்கப் பரவும். அடுத்த முகாமுக்கு ஆள் குறையும்.

நம்பிக்கை உடைந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் கடக்க முடியாது. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட, இறக்குமதியான பிரெட்னிசலோன் சொட்டு மருந்தின்மேல் பழி விழுந்தது. அந்த மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது, பாதிக்கப்பட்டவர்கள் நட்டஈடு கேட்டு வழக்குக்குப் போனார்கள். அதற்கு முந்திய வருடம்தான் பொருளாதார நெருக்கடியில் அரச மருந்தகங்களின் இறாக்கைகள் காலியாகக் கிடந்தன. கண்ணுக்கு மருந்து விடுவது என்றாலே ஒரு நொடி தயங்கும் நோயாளியை அறியாமைக்காரர் என்று திட்டுவது அநியாயம். அவருக்குத் தயங்கக் காரணம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை மதித்துப் பேசத் தெரிந்தவரே இந்த மலையில் கண் வைத்தியம் செய்ய முடியும்.

நிபுணரின் அறையில் நடப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் நோயாளிகள் அங்கே பலவிதமான கருவிகளைக் கண்டு மிரண்டு வெளியே வருகிறார்கள். முதலில் கண்ணை மரக்கச் செய்து, நீலவெளிச்சத்தில் கருவிழிமேல் ஒரு சிறு கூம்பை மெல்லத் தொட்டு அழுத்தம் அளப்பார். சுவிற்சர்லாந்தின் கோல்ட்மன் கொண்டுவந்த முறை இது, இன்றும் இதுவே அளவுகோல். அடுத்து, கண்ணாடி வில்லை ஒன்றைக் கண்ணில் வைத்துக் கோணம் திறந்ததா மூடியதா என்று பார்ப்பார். நெரிசலான கிளினிக்கில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பரிசோதனைதான், கைவிடவே கூடாததும் இதுதான். மூடிய கோணத்தைத் திறந்த கோணம் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து கொடுத்தால் நோய் உள்ளே வேலையை முடித்துவிடும். பிறகு நரம்பின் முகத்தைப் பார்ப்பார். அதன் நடுப்பள்ளம் எவ்வளவு அகன்றிருக்கிறது, விளிம்பு எங்கே மெலிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார்.

கடைசியாகப் பார்வைப் புலப் பரிசோதனை. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை விட்டுக் கண் எடுக்காமல், ஓரத்தில் மின்னும் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சொல்வது எளிது. சிங்களத்தில் விளங்கப்படுத்தி, தமிழில் கேட்டு, வாழ்நாளில் இப்படி ஒரு இயந்திரத்தின் முன் இருந்திராத ஒருவரிடம் செய்விக்கும்போது முதல் முடிவு பெரும்பாலும் நம்பத்தக்கதாக இராது. இந்தப் பரிசோதனைக்குத் தமிழ் பேசும் ஒருவர் பக்கத்தில் இருப்பதை நான் சலுகையாகக் கருதவில்லை. அளவுக்கருவியின் ஒரு பாகம் அவர். மருந்துப் போத்தலின் மேல் எழுதப்படும் வரிக்கும் இதே நியாயம்தான். "காலையில் ஒன்று, இரவு ஒன்று" என்பது நோயாளி வாசிக்கும் மொழியில் இல்லாவிட்டால் மருந்து கொடுத்ததாக ஆகாது. விளக்கம் போதாதபோது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களில் சிலர், பிரஷர் மருந்து கண்ணுக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணிக் கண் மருந்தை நிறுத்தியும் விடுகிறார்கள்.

சொட்டு மருந்தின் கதைக்கு வருவோம். 1870களில் பைலோகார்பின், 1978இல் டிமோலோல், 1996இல் லற்றனோபுரொஸ்ட் என்று வரிசையாக வந்த மருந்துகள் கோடிக்கணக்கான கண்களைக் காத்திருக்கின்றன. டிமோலோல் மலிவானது, அரச மருந்தகத்தில் கிடைப்பது. ஆனால் இழுப்பு உள்ளவருக்கும் இதயத் துடிப்பு மந்தமானவருக்கும் அது ஆகாது. குளிரும் ஈரமும் அடுப்புப் புகையும் நிறைந்த மலையில் இழுப்பு எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது தோட்டத்து வைத்தியருக்குத் தெரியும். "மூச்சு இழுக்குமா?" என்று கேட்காமல் அதை எழுதக் கூடாது. லற்றனோபுரொஸ்ட் இரவில் ஒரு சொட்டுப் போதும். உடைக்காத போத்தலைக் குளிரூட்டியில் வைக்க வேண்டும், உடைத்த பிறகு 25 பாகைக்குள் ஆறு வாரம் தாங்கும். சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டி நிற்கும் நுவரெலியாவில், அடுப்படியை விட்டுத் தள்ளி வைத்தால் உடைத்த போத்தலுக்குக் குளிரூட்டி தேவைப்படாது. மலை நோயாளிக்குச் சாதகமாக நிற்கும் ஓர் இடம் இது.

ஆனால் மருந்து விடும் கையைப் பார்க்க வேண்டும். கொழுந்தெடுத்தே வெடித்துக் காய்த்த விரல்களுக்கு அந்தச் சிறு போத்தலை ஒரு சொட்டளவு பிதுக்குவது கடினம். மூன்று சொட்டு கன்னத்தில் வழியும், ஒரு மாத மருந்து இரண்டு வாரத்தில் தீரும். விட்டபின் இரண்டு நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும், இரண்டு மருந்துக்கிடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும் என்பதையும் சொல்லிக் காட்டுபவர் குறைவு. நிபுணர் தம் முன்னாலேயே நோயாளியை மருந்து விடச் சொல்லிப் பார்ப்பது ஒரு ஸ்கேன் எடுப்பதைவிடப் பல வேளைகளில் அதிகம் சொல்லும்.

போத்தல் தீர்ந்தால் மறுபடி கிளினிக். பொகவந்தலாவையிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போக ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். இருட்டோடு கிளம்பினால் இருட்டிய பின் திரும்பலாம். அன்று பேர் விழாது, நாட்கூலி இல்லை. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. கிளினிக் நாளில் நாட்சம்பளம் போகும், பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் போகும், துணைக்கு வருபவரின் நாளும் போகும். வைத்தியம் இலவசம் என்று நாடு பெருமையோடு சொல்லலாம், அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் வலிக்காத, இப்போதைக்கு நன்றாகத் தெரிகிற ஒரு கண்ணுக்காக வருடத்தில் பல தடவை இந்தச் செலவைச் செய்யச் சொல்கிறோம். பார்வை கூடப்போவதும் இல்லை. இருப்பது குறையாமல் நிற்கும், அவ்வளவுதான். பாதியில் நின்றுவிடுபவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: மலையகத் தொழிலாளிக்குச் சொட்டு மருந்தை முதல் சிகிச்சையாக வைப்பது தவறான தொடக்கம். திறந்த கோண வகைக்கு, வடிகால் திசுவில் லேசர் ஒளியைச் செலுத்தி அதைத் தூண்டும் முறை ஒன்று உண்டு. சில நிமிட வேலை, கத்தி இல்லை, அன்றே வீடு திரும்பலாம். 2019இல் வெளியான, இலண்டன் வழிநடத்திய பிரித்தானிய ஆய்வில், லேசரை முதலில் பெற்றவர்களில் ஏறத்தாழ 74 சதவீதத்தினர் மூன்று வருடம் கழிந்தும் சொட்டு மருந்து இல்லாமலே கட்டுப்பாட்டில் இருந்தார்கள். இலண்டன் வேறு, மலையகத்து இலிந்துலை வேறு என்பவர்களுக்குத் தான்சானியா பதில் சொல்கிறது. கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து மோஷி நகர வைத்தியசாலையில், அழுத்தம் மிக ஏறிய நிலையில் வந்த நோயாளிகளுக்கு லேசரையும் டிமோலோலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி ஒரு வருடத்தில் லேசர் 61 சதவீதக் கண்களில் வெற்றி தந்தது, டிமோலோல் 31 சதவீதக் கண்களில். தூரமும் வறுமையும் மருந்துத் தட்டுப்பாடும் தெரிந்த ஒரு மலைப்பகுதியின் கணக்கு இது. லேசரின் பலன் காலப்போக்கில் தேயும், சிலருக்குத் திரும்பச் செய்ய வேண்டும், கண்காணிப்பும் தொடர வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு தடவை வராமல் போன நோயாளியை மருந்து அன்றே கைவிடுகிறது, லேசர் கைவிடுவதில்லை.

கோணம் மூடும் வகைக்கு வில்லையையே சீக்கிரம் அகற்றிவிடுவது நல்ல வழி என்று 2016இல் வெளியான ஈகிள் ஆய்வு காட்டியது. கண்புரை அறுவைக்கு இங்கே ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள் இருப்பதால் இதுவும் மலையகத்துக்கு ஏற்ற வழியே. நோய் முற்றியவருக்கு, 1968இல் கெய்ன்ஸ் விவரித்த வடிகால் சத்திரசிகிச்சை இன்னும் தேவைப்படும். அதில் வெண்விழியில் உருவாகும் சிறு கொப்புளம் ஆயுள் முழுக்கக் கவனிப்புக் கேட்கும். கண் சிவந்து பீளை கட்டினால் அன்றே ஓடிவர வேண்டும். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்து மலையில் தூசியிலும் சுள்ளியிலும் நிற்பவருக்கு இதை விளங்கப்படுத்தாமல் கத்தியை எடுக்கக் கூடாது. மதுரையின் அரவிந்த் குழுமம் குறைந்த விலையில் செய்யும் வடிகுழாய் கடைசி நிலைக் கண்களுக்கு ஒரு வாய்ப்பு.

கவ்வாத்தைச் சொன்னதால் அதையும் சேர்த்துவிடுகிறேன். வெட்டும்போது தெறிக்கும் குச்சி கண்ணில் அடித்தால் காயம் ஆறிய பின்னும், சில வருடம் கழித்தும் வடிகால் பழுதாகி அழுத்தம் ஏறலாம். சிவந்த கண்ணுக்குப் பார்மசியில் வாங்கும் ஸ்டீரோயிட் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடுவதும் அழுத்தத்தை ஏற்றும். சீனி வியாதி முற்றினால் கோணத்தில் புது இரத்தநாளங்கள் முளைத்து, மிகக் கொடிய வகை குளுக்கோமா வரும். பிள்ளைகளிடமும் இந்த நோய் உண்டு. வழக்கத்தைவிடப் பெரிய கருவிழி, கண்ணீர் வழிதல், வெளிச்சத்தில் கண் கூசுதல் ஆகிய மூன்றும் உள்ள கைக்குழந்தையை "என்ன அழகான கண்" என்று கொஞ்சிக்கொண்டு இருக்காமல் அந்த வாரமே நிபுணரிடம் காட்ட வேண்டும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாக வரும்.

தோட்டத்து வைத்தியத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1872இலும் 1912இலும் வந்த மருத்துவத் தேவைச் சட்டங்கள் தோட்டக்காரர்களுக்குத் தொழிலாளர் சுகாதாரத்தில் கடமை விதித்தன. அந்த ஏற்பாட்டின் எச்சமாகத் தோட்ட மருந்தகமும் அதன் மருத்துவ உதவியாளரும் இன்னும் இருக்கிறார்கள். இந்திய உதவியில் 150 கட்டில்களோடு எழுந்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் திறந்துவைத்தார். கட்டடங்கள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் குளுக்கோமாவை முதலில் பிடிக்கும் இடம் தோட்ட மருந்தகமாகத்தான் இருக்க முடியும். தோட்டத்துப் பெண் அங்கேதான் தலைவலிக்கு மாத்திரை வாங்க வருகிறார், கைக்குழந்தையைத் தூக்கி வருகிறார். மரக்க மருந்து தேவைப்படாத, கையடக்கமான அழுத்தமானி இன்று இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கத் தெரிந்த ஒருவர் அதைப் பழகிவிடலாம். அழுத்தம் மட்டும் பார்த்தால் சிலர் தப்பிவிடுவார்கள். பார்வை நரம்பின் படம் ஒன்றையும் எடுத்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பி நிபுணரிடம் கேட்டால் அந்த ஓட்டை பெருமளவு அடைபடும். அரவிந்த் மருத்துவமனை 2004 முதல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பார்வை மையங்கள் வைத்து இதைத்தான் செய்கிறது. பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்ணொருவர் பரிசோதிக்கிறார், தூரத்திலிருந்து மருத்துவர் பேசுகிறார், வர வேண்டியவர் மட்டும் வருகிறார்.

எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க முடியாவிட்டால் யாரில் தொடங்குவது? விடை இருக்கிறது. ரொட்டர்டாம் நகரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு, குளுக்கோமா நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு 22 சதவீதம், மற்றவர்களுக்கு 2.3 சதவீதம் என்று கணித்தது. நகரத்தில் ஒரு நோயாளியின் அக்கா தங்கைகளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. தோட்டத்திலோ அவர்களில் பலர் அதே லயத்தில், அல்லது அடுத்த டிவிசனில் இருக்கிறார்கள், பெயர்கள் தோட்டத்தின் ஆட்பதிவான செக்ரோலில் இருக்கின்றன. நோயாளியின் கிளினிக் கொப்பியில் அவர் பெயருக்குக் கீழே இந்த உறவுகளின் பெயரையும் எழுதி, ஒவ்வொருவராகப் பரிசோதித்து முடிக்கும் பொறுப்பைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுக்கலாம். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குப் போயிருக்கும் அண்ணன் தம்பிமார் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார்கள். தோட்ட மருந்தகத்தில் கண் அழுத்தம் பார்க்கும் நாளை அந்த வாரங்களில் வைத்தால் அவர்களையும் பார்த்துவிடலாம்.